கெசியா ஜெயபுரத்துக்குப் போன கதை

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு வவுனியா பஸ் நிலையத்தில் இரண்டு பெரிய பைகளோடும் ஒரு சின்னச் சண்டையோடும் நின்றோம். சண்டை யன்னல் இருக்கை பற்றியது. வயதில் மூத்தவள் என்ற உரிமையில் நான் அதைக் கேட்டேன். ஊர் பார்க்க வந்தவள் நான் அல்லவா என்றாள் நயோமி. நியாயம் அவள் பக்கம் இருந்தபடியால் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. முதல் நாள் கொழும்பிலிருந்து வந்து, ஒரு விடுதியில் நுளம்புகளுக்கு இரத்ததானம் செய்தபடி படுத்திருந்தவளுக்கு எரிச்சல் வராமல் வேறென்ன வரும்? கடைசியில் யன்னலை விட்டுக்கொடுத்தேன். கிளிநொச்சிக்கு எழுபத்தைந்து கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. ரிக்கற் ஆளுக்கு முந்நூற்றிருபது ரூபாய்.

நயோமி லண்டனில் பிறந்தவள். தாய் தகப்பன் இருவரின் வேரும் ஜமெய்க்காவில். கரும்புத் தோட்டங்களில் வேலை வாங்குவதற்காகக் கப்பலில் கட்டிக் கொண்டுபோகப்பட்ட கறுப்பின மக்களின் வழித்தோன்றல். இன்னும் வராத காலங்களைப் பற்றியும் இன்னும் கண்டுபிடிக்காத கிரகங்களைப் பற்றியும் சித்திரக்கதை எழுதுகிறாள். அவளே வரைகிறாள், அவளே அச்சடிப்பிக்கிறாள், அவளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்தை சந்தையாகப் போய் விற்கிறாள். நானோ வெள்ளவத்தையில் ஒரு சிறு சஞ்சிகை நடத்துபவள். நடத்துபவள் என்பது பெரிய சொல். எழுதி, ஃபொட்டோக்கொப்பி எடுத்து, நடுவில் இரண்டு பின் குத்தித் தபாலில் போடுபவள். அவளுடைய கதையொன்றை அதில் படங்களோடு தமிழில் தொடராகப் போட்டேன். அந்தத் தொடர்தான் எங்களை இந்த பஸ்ஸில் ஏற்றியது.

கதை நடப்பது உப்புக்கோள் என்ற கிரகத்தில். பூமியிலிருந்து கொண்டுபோய் இறக்கப்பட்ட கறுப்பு மனிதர்கள் அங்கே பரம்பரை பரம்பரையாக உப்பு வெட்டுகிறார்கள். தண்ணீர் கம்பனியின் கையில். பம்பு வீட்டுப் பூட்டின் திறப்பு வெளுத்த துரைமாரின் இடுப்பில். கெசியா என்ற உப்பு வெட்டும் பெண், பாறைக்குக் கீழே ஒரு பழைய குளம் இருப்பதையும், அதைத் திறந்துவிட ஒரு துருசு, மதகுக் கதவு, இருப்பதையும் கண்டுபிடிக்கிறாள். மீதியைச் சொன்னால் புத்தகம் விற்காது.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு நான் மலையகத் தோட்டங்களில் வழங்கும் 'லயம்' என்ற சொல்லைப் போட்டேன். வேறு சொல் தேடவேயில்லை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஜெயபுரத்திலிருந்து லெட்சுமி எனக்கு வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார். ஜெயபுரம் கிளிநொச்சி மாவட்டத்தில், பூநகரிப் பக்கத்து விவசாயக் கிராமம். மலையகத் தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்த பல குடும்பங்கள் அங்கே காடு வெட்டிக் குடியேறியவை. லெட்சுமியும் இன்னும் சில பெண்களும் சனிக்கிழமைகளில் கூடி என் சஞ்சிகையைச் சத்தமாக வாசிக்கிறார்களாம். ஒவ்வொரு மாதமும் காத்துக்கிடக்க முடியவில்லை, எல்லாவற்றையும் ஒரே புத்தகமாகப் போட்டால் என்ன என்று அதட்டலாகக் கேட்டார். அதை நயோமியிடம் சொன்னேன். புத்தகம் வெளிவரும் நாளில் தானும் அந்த ஊரில் நிற்க வேண்டும் என்று பயணச்சீட்டு எடுத்துவிட்டாள்.

ஓமந்தை தாண்டும்போது நடத்துநர் என் தோளைத் தட்டி, இவா எந்த நாடு என்று விசாரித்தார். லண்டன் என்றேன். "அது சரி அக்கா, முதல் எந்த ஊர்?" என்றார். மொழிபெயர்த்தேன். நயோமி சிரித்த சிரிப்பில் முன் இருக்கைக் குழந்தை எழும்பிவிட்டது. லண்டனில் பிறந்த நாளிலிருந்து அவளிடம் கேட்கப்படும் கேள்வியாம் அது. இவ்வளவு தூரம் பறந்து வந்தும் தன்னை விடாமல் பஸ் ஏறி வந்திருக்கிறது என்றாள்.

புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று ஊர்கள் போயின. அறுவடைக் காலம். கண்டி வீதியின் ஓரமெல்லாம் நெல் காயவைத்திருந்தார்கள். அதன்மேல் மயில்கள் வரி வசூலிக்க வந்தவை போல நடந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டு வந்த நயோமி மாங்குளத்துக்குப் பிறகு தன் கூட்டாளிகளைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். அவளைப் போன்ற கறுப்பின எழுத்தாளர்கள், ஓவியர்கள். ஒருத்தி தலைப்பின்னல் கோலங்களை நட்சத்திர வரைபடமாக வைத்து ஒரு விண்கப்பல் கதை வரைகிறாள். ஒருவன் பகலில் பஸ் ஓட்டிவிட்டு, தன் அலுமாரிக்குள் உட்கார்ந்து மாடிக்குடியிருப்புப் பேய்களைப் பற்றி இணைய வானொலி நாடகம் பதிவு செய்கிறான். உடுப்புகளுக்கு நடுவே எதிரொலி வராதாம். பெரிய சித்திரக்கதைச் சந்தைகளில் இவர்களுக்குக் கிடைப்பது எப்போதும் கழிப்பறைக்குப் பக்கத்து மேசை. ஒரு வருடம் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்துத் தங்கள் சந்தையைத் தாங்களே வைத்தார்கள். அங்கே எல்லா மேசையும் நடு மேசை என்று பெருமையாகச் சொன்னாள்.

ஏன் எதிர்காலக் கதை என்று கேட்டேன். சின்ன வயதில் அவள் பார்த்த எதிர்காலக் கதைகளில் கறுப்பர்கள் இருப்பதில்லையாம். இருந்தால் முதற்பாதியிலேயே செத்துப்போவார்களாம். அப்படியென்றால் வரப்போகிற உலகத்தில் எங்களை வேண்டாம் என்று எப்போது கூடித் தீர்மானித்தார்கள் என்று பத்து வயதில் தாயிடம் கேட்டிருக்கிறாள். தாய் ஒரு கொப்பியையும் பென்சிலையும் கொடுத்து, நீ தீர்மானி என்றிருக்கிறார். கெசியாவுக்குத் தாயின் நிறத்தைத்தான் கொடுத்தாள். அந்த நிறத்தைக் கலந்து எடுக்க ஒரு கிழமை பிடித்ததாம்.

ஒரு பெரிய பதிப்பகம் கெசியாவை எடுத்துக்கொள்ள ஆயத்தமாக இருந்தது. ஒரேயொரு வேண்டுகோள்தான் வைத்தார்கள். விற்பனைக்காக, அவளைக் கொஞ்சம் வெளிச்சமாக்க முடியுமா? நயோமி தன் படங்களை அள்ளிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். அன்றிலிருந்துதான் சொந்த அச்சு, சொந்தத் தோள், சொந்தக் கடன். அதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபம் இருக்கவில்லை. அலுப்பு இருந்தது. எனக்குத்தான் அவளுக்குப் பதிலாகக் கோபம் வந்தது. வெள்ளைக்காரர்களைப் பற்றி நாலு வார்த்தை நன்றாகப் பேசினேன். அந்தக் கோபம் எவ்வளவு நேரம் நிலைக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

முறிகண்டியில் பஸ் நின்றது. அங்கே பிள்ளையாரைக் கும்பிடாமல் எந்த வாகனமும் தாண்டாது. சாரதி தேங்காய் உடைத்தார். நான் நூறு ரூபாய்க்குக் கச்சான் கடலை வாங்கினேன். மணலில் வறுத்த சூட்டோடு கச்சான் கோதை உடைத்துக்கொண்டு பத்தரை மணிக்குக் கிளிநொச்சியில் இறங்கினோம்.

அச்சகம் கரடிப்போக்குச் சந்திக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. கண்டி வீதியில் ஒரு கடை அகலம், உள்ளே போகப் போக நீளம். சுகந்தி என்ற பெண் நடத்துகிறாள். நாற்பது வயதிருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துத் திட்டத்தில் காணி கிடைத்து உருத்திரபுரத்தில் குடியேறிய குடும்பம். தகப்பன் இப்போதும் நெல் விதைக்கிறார். கலியாண அல்பம், சாமத்தியவீட்டு அல்பம், மரண அறிவித்தல், நினைவுமலர், கடைப் பதாகை எல்லாம் அவள் கையால்தான். சித்திரக்கதை இதுவே முதல் தடவை. கொழும்பு விலையில் பாதிக்கு ஒத்துக்கொண்டாள். எழுத்தெல்லாம் நான் தொலைபேசியிலேயே சரிபார்த்து அனுப்பியிருந்தேன்.

எங்களைக் கண்டதும் கதிரை இழுத்துப்போட்டு, பிளேன்ரீக்குச் சொல்லி, நயோமியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கதையை மூன்று தரம் வாசித்தாளாம். கெசியா துருசைத் திறக்கும் இடத்தில் ஒவ்வொரு தரமும் அழுதாளாம். பிறகு ஒரு கட்டைப் பிரித்து, முதல் புத்தகத்தை இரு கையாலும் நயோமியிடம் நீட்டினாள்.

அட்டையில் ஒரு பெண் நின்றாள். கெசியாவின் தலைமுடி, கெசியாவின் மண்வெட்டி, கெசியாவின் நிமிர்வு. முகம் மட்டும் கோதுமை மா நிறம்.

நயோமி பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எல்லாப் பக்கத்திலும் அப்படித்தான். கெசியா, அவளுடைய தாய், லயத்துப் பிள்ளைகள் ஒருவரையும் விடவில்லை. சுகந்தி பரீட்சை முடிவுக்கு நிற்கும் பிள்ளை மாதிரி நின்றாள். எழுத்து முடிந்த பிறகு முகங்களில் தான் இருந்து வேலை செய்ததாகவும், அதற்குக் கூலி ஒன்றும் சேர்க்கவில்லை என்றும் சொன்னாள்.

"அவ்வளவு பெரிய காரியம் செய்யிற பிள்ளை, அக்கா. கடைசியில கோயில் அம்மாளாச்சி மாதிரியெல்லே நிக்கிறா. அவாவைக் கறுப்பா எப்பிடி விடுறது?"

என் இருபது வருட மொழிபெயர்ப்பு வாழ்க்கையில் இப்படி ஒரு வசனம் எனக்கு மாட்டியதில்லை. மென்மையாக்கிச் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். நயோமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளபடியே சொன்னேன். சொல்லிவிட்டுச் சுகந்தியின் பக்கம் திரும்பி, தமிழில் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு ஒதுக்கிய கோபம் அத்தனையும் இடம் மாறி அவள் தலையில் விழுந்தது. இவர்களுக்குத் தங்கள் நிறம் முக்கியம், இதற்காகத்தான் இவள் பெரிய பதிப்பகத்தை விட்டு வந்தவள், நீ அதையே செய்து வைத்திருக்கிறாய் என்றேன். சுகந்தியின் முகம் சுருங்கிப்போனது. எனக்கு உடனே பாவமாகவும் இருந்தது.

நயோமி ஒன்றுதான் கேட்டாள். எல்லா முகத்தையும் ஒவ்வொன்றாகச் செய்தாளா? ஓம் என்றாள் சுகந்தி, ஒவ்வொன்றாகத்தான். பிறகு மெதுவாகத் தன் தொழிலைச் சொன்னாள். இங்கே பலருக்குச் செத்துப்போனவர்களின் படம் என்று மிஞ்சியிருப்பது அடையாள அட்டைப் படம் மட்டும்தான். முத்திரை அளவு, ஓரம் கரைந்தது. மற்றதெல்லாம் யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது போய்விட்டது. அதைக் கொண்டுவருவார்கள். அவள் பெரிதாக்கி, கிழிசலை ஒட்டி, முகத்தை வெளிச்சமாக்கி, சட்டகம் போட்டுக் கொடுப்பாள்.

"கறுப்பா விட்டா, பிள்ளை வாடிப்போய் நிக்குது எண்டு அழுவினம். பதினஞ்சு வருசமா ஒருத்தர் கூட, இருக்கிற மாதிரி விடுங்கோ எண்டு கேட்டதில்லை. இஞ்ச ஒருத்தரை நாங்கள் கும்பிட வைக்கிறதெண்டா வெளிச்சமாக்கித்தான் வைக்கிறது."

நான் இதையும் மொழிபெயர்த்தேன். நயோமி புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். இந்தப் புத்தகம் நாளைக்கு ஒருவர் கைக்கும் போகக் கூடாது என்றாள். சுகந்திக்கு அது விளங்கியது. ஆனால் அவளும் லேசுப்பட்டவள் இல்லை. கட்டுகளைத் தானே ஜெயபுரத்துக்குக் கொண்டுவருவதாகவும், வாசிக்கிற சனத்திடம் இரண்டையும் காட்டிக் கேட்போம் என்றும் சொன்னாள். சனம் தன்னுடையதைத்தான் கேட்கும் என்பதில் அவளுக்கு ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை. நயோமி சரி என்று தலையாட்டினாள்.

பின்னேரம் விடுதியில் இரண்டு பேரும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தோம். உண்மையிலேயே அவர்களுக்கு அதுதான் பிடித்திருந்தால் என்ன செய்வது என்று நயோமி கேட்டாள். லண்டனில் ஒரு பதிப்பகம் வேண்டாம் என்றால் எழுந்து வரலாம். கெசியாவைத் தங்களவளாக நினைத்து இவ்வளவு தூரம் அழைத்த பெண்களே அவளை வெளுப்பாகத்தான் வேண்டும் என்றால் எங்கே எழுந்து போவது? ஒரு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். எங்கள் சனத்தை எனக்குத் தெரியும். மணமகள் தேவை என்ற விளம்பரத்தில் படிப்புக்கு முன்னால் நிறத்தை எழுதுகிற சனம். பிறந்த குழந்தையின் காது நுனியைப் புரட்டிப் பார்த்து, எந்த நிறத்துக்கு வரும் என்று சாத்திரம் சொல்கிற சனம். திறந்த வாயில் ஒரு பிடி சோற்றைப் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஓட்டோ வந்தது. அக்கராயன் வழியாக ஜெயபுரம் போய் வர ஐயாயிரம் ரூபாய் என்று பேச்சு. பின்னால் நானும் நயோமியும் சுகந்தியும் நெருக்கிக்கொண்டு இருந்தோம். காலடியில் புத்தகக் கட்டுகள். நடுவில் நான். அக்கராயன் தாண்டியதும் காடு வீதிக்குக் கிட்ட வந்தது. யானை கடக்கும் என்று எழுதிய பலகை. பள்ளம் விழுந்த இடங்களில் சாரதி ஓட்டோவைக் குழந்தையைத் தூக்குவது போல இறக்கி ஏற்றினார். ஒரு பள்ளத்தில் சுகந்தி என் முதுகுக்குப் பின்னால் கை நீட்டி நயோமியின் தோளைப் பிடித்துவிட்டு, பிறகு கையை எடுத்துக்கொண்டாள். நயோமி அந்தக் கையைத் திரும்ப எடுத்துத் தன் தோளில் வைத்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

பொதுநோக்கு மண்டபத்தில் முப்பது பேரளவில் இருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். சிலர் கச்சான் புடுங்கிய கையோடு வந்திருந்தார்கள், நகத்தில் மண். லெட்சுமியை நான் குரலால் மட்டும்தான் அறிவேன். ஆள் குரலைவிடச் சிறியவர். ஐம்பது வயது, மூக்கில் சறுக்கும் கண்ணாடி. நயோமிக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, தேநீரும் உளுந்து வடையும் கொடுத்தார்கள். பேச்சு ஒன்றும் வேண்டாம், முதலில் புத்தகத்தைக் காட்டுங்கள் என்றார் லெட்சுமி.

சுகந்தி தன்னுடைய புத்தகங்களை மேசையில் பரப்பினாள். பக்கத்தில் நயோமி தன்னுடைய ஆங்கிலப் பிரதியை வைத்தாள். இரண்டில் எது பிடித்திருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். காரணம் எதுவும் சொல்லவில்லை.

எல்லோரும் எழுந்து வந்தார்கள். ஒரு பெரியவர் தமிழ்ப் புத்தகத்தைத் தடவிப்பார்த்து, வடிவாக அடித்திருக்கிறது என்றார். இரண்டு இளம் பெண்கள் அட்டையைப் பார்த்து, சினிமா நடிகை மாதிரி இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டார்கள். இன்னொருவர், ஆங்கிலப் புத்தகத்தில் படம் இருட்டாக இருக்கிறது என்றார். சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். என்ன சொல்கிறார்கள் என்று நயோமி கேட்டாள். இன்னும் முடியவில்லை என்று சொன்னேன்.

லெட்சுமி மட்டும் அட்டையில் நிற்கவில்லை. கதிரையில் போய் இருந்து வாசிக்கத் தொடங்கியிருந்தார். கொஞ்ச நேரத்தில் முன்னும் பின்னுமாகப் பக்கங்களைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், கெசியா எங்க?"

லயத்தில் கெசியா படுத்திருக்கும் படத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"இதுவா? இது தொரை மகள்னுல்ல நெனச்சேன். தொரை மகள் எதுக்கு வந்து லயத்துல படுத்திருக்கு?"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. சிரித்தவர்களே பிறகு ஒவ்வொரு புத்தகமாக எடுத்துப் பார்த்தார்கள். பம்பு வீட்டுத் துரையும் கெசியாவும் ஒரே நிறம். திறப்பை இடுப்பில் கட்டியிருப்பவரும் ஒரே நிறம், அதைத் திருடுபவளும் ஒரே நிறம். அப்படியென்றால் மகள் தகப்பனிடம் திருடுகிறாளா, இது குடும்பச் சண்டையா என்று ஒருத்தி கேட்டாள். உப்பு வெட்டுகிறவர்கள் எங்கே, கதையில் ஒருவரையும் காணவில்லையே என்றாள் இன்னொருத்தி. நடிகை மாதிரி என்று சொன்ன பெண்களில் ஒருத்தி, அப்ப இது வேற கதை என்று புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டாள். பெரியவர் மட்டும், இருந்தாலும் அச்சு நல்ல அச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

லெட்சுமி எழுந்து சுகந்தியிடம் வந்தார். கோபமாக வரவில்லை.

"எங்களுக்கு போட்டோக்கொப்பில வந்தவதாங்க வேணும். அவளைத்தான் நாங்க இத்தனை மாசமா வாசிக்கிறோம்."

நயோமிக்கு எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னேன். துரை மகள் லயத்தில் படுத்திருக்கும் பகுதியைச் சொன்னதும் அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கையை எடுக்க நேரமானது. எடுத்தபோது கண் சிவந்திருந்தது. நானும் அழுதேன். சந்தோசத்தில் அழுவதற்கு எனக்கு வெட்கமில்லை.

சுகந்தி அதுவரை ஒரு புத்தகத்தைப் பிடித்துக்கொண்டே நின்றாள். துரையின் படத்தையும் கெசியாவின் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிழை விட்ட தொழிலாளியின் முகம் அவளுக்கு வந்துவிட்டது. அவள் எங்களோடு நேற்று வாதாடியபோது அந்த முகம் இருக்கவில்லை. பிறகு தலையை நிமிர்த்தி, மண்டபத்தைப் பார்த்து, தன் கடை மேசைக்குப் பின்னால் நிற்கும் தொனியில் கேட்டாள்.

"அப்ப எவ்வளவு கறுப்பு வேணும் எண்டு சொல்லுங்கோ. பிறகு கூடிப்போச்சு எண்டு ஒருத்தரும் வரக்கூடாது."

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்வது கஷ்டம். முப்பது பேரும் ஆங்கிலப் பிரதிக்கு மேல் குனிந்து தங்கள் முழங்கைகளை வைத்துப் பார்த்தார்கள். உன்னுடையது காணாது, என்னுடையது கூட, வெயிலில் நின்ற கை கணக்கில்லை என்று ஒரே வாக்குவாதம். சுகந்தி தொலைபேசியில் படம் எடுத்தாள். நயோமி தன் தாயின் நிறத்தைக் கலந்த விதத்தை விளக்கினாள், நான் மொழிபெயர்த்தேன், சுகந்தி குறுக்கே கேள்வி கேட்டாள். நீலம் எவ்வளவு, சிவப்பு எவ்வளவு என்று அவர்கள் இரண்டு பேரும் பேசத் தொடங்கிய பிறகு நான் அங்கே தேவைப்படவில்லை. அது முடிந்த பிறகுதான் வாசிப்பு நடந்தது. தமிழ்ப் புத்தகத்திலிருந்து லெட்சுமி வாசிக்க, ஆங்கிலப் புத்தகத்தின் படங்களை நயோமி உயர்த்திப் பிடித்தாள். துருசு திறக்கும் இடத்தில் சுகந்தி நாலாவது தரமும் அழுதாள்.

புதிதாக அச்சடித்து ஓட்டோவில் அனுப்பும்வரை ஒருவரும் காசு கொடுப்பதில்லை என்று முடிவாகியது. பிழையான கட்டுகளில் ஒரு புத்தகத்தை மட்டும் நயோமி கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். தேவாலய மண்டபத்துக் கூட்டாளிகளுக்குக் காட்ட வேண்டுமாம். திரும்பும் வழியில் சுகந்தி தொலைபேசியில் எடுத்த கைப் படங்களையே தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஏதோ கணக்குப் போடுகிறாள் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை எட்டரைக்குக் கிளிநொச்சியில் வவுனியா பஸ்ஸுக்கு நின்றோம். எனக்குப் போக மனமில்லை. கொழும்பில் என் வீட்டு வரவேற்பறையில் இருக்கும் ஒரு படத்திலும் யாரும் தங்கள் நிறத்தில் இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வெளிநாட்டிலிருந்து ஒருத்தி வந்து சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும். ஜெயபுரத்தில் ஒருத்தி, கதை விளங்கவில்லை என்று சொன்னபடியால் கோபப்பட வழியில்லாமல் போனது.

பஸ் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் சுகந்தி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். புதிய பிரதி ஒன்றை நயோமியிடம் கொடுத்தாள். மையின் வாசம் இன்னும் போகவில்லை. அட்டையில் கெசியா நின்றாள், கறுப்பாக, மண்வெட்டியோடு, வெயிலைப் பார்த்தபடி. நயோமி ஒரு பக்கமும் விடாமல் பார்த்தாள். பிறகு சுகந்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பஸ் நிலையத்தில் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

சுகந்தி போகாமல் நின்றாள். தனக்கொரு தம்பி இருந்தான் என்று என்னிடம் சொன்னாள். யுத்தத்தின் கடைசிச் சண்டையில் போனவன். வீட்டில் இருப்பது அவனுடைய அடையாள அட்டைப் படத்திலிருந்து அவள் பெரிதாக்கிய படம். அவள் வெளிச்சமாக்கிய முதல் முகமே அதுதானாம். நேற்று ஜெயபுரத்தால் வந்து, கெசியாவை அச்சுக்குப் போட்ட பிறகு, அந்தப் பழைய அட்டைப் படத்தைத் தேடி எடுத்திருக்கிறாள். அதில் நிறமே மிஞ்சவில்லை. அதனால் ஞாபகத்திலிருந்து மூன்று விதமான கறுப்பில் மூன்று படம் அடித்து, தாயிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள்.

"அம்மா மூண்டையும் பாத்தா, அக்கா. உவங்கள் ஆரடி, என்ர பிள்ளை இதைவிடக் கறுப்பெல்லோ எண்டா. சொல்லிப்போட்டுச் சிரிச்சா. அவன்ர கதை வந்தா அம்மா சிரிக்கிறேல்லை."

பஸ் வந்துவிட்டது. நடத்துநர் ஏறச் சொல்லிக் கத்தினார். நயோமி என் கையைப் பிடித்து, என்ன சொன்னாள் என்று கேட்டாள். சொன்னேன். அப்படியென்றால் நாலாவதையும் அடிக்கச் சொல் என்றாள். அதைத் தமிழில் சொன்னேன்.

"அது இரவே அடிச்சாச்சு," என்றாள் சுகந்தி. "அம்மா மடியில வச்சிருக்கிறா. சுவரில கொழுவ இன்னும் தரேல்லை."